உப்புக் குடித்த செம்பருத்தி

பெர்கோவித்சா
14 நவம்பர் 1998

அன்புள்ள நெவேனாவுக்கு,

இங்கே நான் நலம், அடுப்பு நலம், கோஸ் பீப்பாயும் நலம். உன் நலத்தை நீ எழுதிக் காட்டினால்தான் நம்புவேன். போனில் நீ 'நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்லும்போதெல்லாம் பின்னால் நீ பார்த்துக்கொள்கிற எவாந்தியா அம்மா இருமுகிற சத்தம் கேட்கிறது. யார் நன்றாக இருப்பதாகச் சொல்கிறீர்கள் என்றே எனக்குப் புரிவதில்லை.

அங்கே வருகிற ஏதென்ஸ் பேருந்து ஓட்டுநரிடம் இந்தக் கடிதத்தோடு மிளகாய்த் தொக்கு இரண்டு பாட்டில் கொடுத்திருக்கிறேன். ஒன்று வந்து சேர்ந்தால் அவர் நல்லவர். இரண்டும் வந்து சேர்ந்தால் அவருக்கு வயிற்றுப்புண் என்று வைத்துக்கொள்.

முதலில் செம்பருத்தி. என் முதுகுவலியைப் பற்றி இரண்டு வரியும் செடியைப் பற்றி இரண்டு பக்கமும் நீ எழுதியிருந்ததால் எது முக்கியம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் முற்றத்துப் புல் உறைபனியில் வெள்ளையாகக் கிடந்தது. உடனே பக்கத்து வீட்டு ஸ்பாஸைக் கூப்பிட்டேன். நீ சொன்னபடி இலைகளின் அடிப்பக்கமெல்லாம் சோப்புத் தண்ணீரில் துடைத்து, இருவருமாக நிலவறைக்கு இறக்கினோம். அவன் தொட்டியைப் பிடித்தான். நான் மணப்பெண்ணின் முக்காட்டைப் பிடிப்பதுபோல் கிளைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். பதினெட்டுப் படி. ஒவ்வொரு படிக்கும் அவனிடம் ஒரு திட்டு இருந்தது. 'யோவ் மெத்தோடி, துணி ஆலைய மூடுனப்ப ஊரே தையல் மெஷினத் தூக்கிட்டுப் போச்சு. ஒன் பொண்டாட்டி மட்டும் மரத்தத் தூக்கிட்டு வந்தா. மெஷினா இருந்தா சக்கரமாவது இருந்திருக்கும்யா, உருட்டிருக்கலாம்' என்றான். இருபது வருடம் ஆலையில் நீ தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம் என்று சொன்னேன். 'தண்ணி மட்டுந்தான் ஊத்துனாளா, சிமெண்டும் ஊத்துனாளா' என்று கேட்டான்.

இப்போது அது சின்ன ஜன்னலுக்குக் கீழே, கோஸ் பீப்பாய்க்குப் பக்கத்தில் நிற்கிறது. நீ எழுதியதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் மனப்பாடம் செய்துவிட்டேன். பத்து நாளைக்கு ஒரு குவளை தண்ணீர், அதற்கு மேல் கூடாது. குழாய்த் தண்ணீர் இரண்டு நாள் வாளியில் கிடக்க வேண்டும். சிவப்பு வாளி கோஸுக்கு, நீல வாளி செடிக்கு. இலை கொட்டும், செத்துப்போனது போலத் தெரியும், அது தூக்கம், பயப்படாதே. நான் பயப்படுகிற ஆளா? ஏழாம் வகுப்போடு என்னை வெளியே அனுப்பிய பள்ளிக்கூடத்துக்கே இப்போது கரி அள்ளிப்போட்டுச் சூடேற்றிக்கொண்டிருக்கிறேன்.

கோஸ் போட்டு ஒரு வாரம் ஆகிறது. இருபத்திரண்டு காய். தண்டைத் தோண்டிக் கல் உப்பு அடைத்து, மேலே கல் வைத்தாயிற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் பீப்பாய்க்கு அடியிலுள்ள குழாயைத் திறந்து தண்ணீரைப் பிடித்து மேலே ஊற்றுகிறேன். நீ இருந்தால் அதற்கும் ஒரு குறை சொல்லியிருப்பாய்.

நீ கடைசியில் கேட்டிருந்த விஷயம். எவாந்தியா அம்மாவின் மகன் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறான், மார்ச் முடிவதற்குள் பதில் வேண்டும் என்கிறான் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, 'அங்கே அந்தச் செடியைத் தவிர என்னைத் தேட யார் இருக்கிறார்கள், அது பிழைத்தால் வருகிறேன்' என்று எழுதி, ஒரு முகம் வரைந்திருந்தாய். அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தேன். சிரிக்கிறதா, வேறு ஏதாவது செய்கிறதா என்று தெரியவில்லை. உனக்கு எப்போதுமே படம் வராது.

நான் தேடுகிறேன் என்று எழுதினால் உனக்குத் தலைக்கனம் வந்துவிடும். அதனால் எழுதவில்லை. செடிக்கு நான் பொறுப்பு.

உன்
மெத்தோடி


பெர்கோவித்சா
12 டிசம்பர்

அன்புள்ள நெவேனாவுக்கு,

இது சின்னக் கடிதம். எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

பனி முழங்கால் அளவு. சளி பிடித்திருந்தது, போய்விட்டது. வார்னாவிலிருந்து மகள் போன் பண்ணினாள், அவளிடமும் எல்லாம் நலம் என்றே சொன்னேன். கோஸ் இந்த வருடம் கொஞ்சம் மெதுவாகப் புளிக்கிறது. செம்பருத்தி தூங்குகிறது. மிக நன்றாகத் தூங்குகிறது. அதைப் பற்றி வேறெதுவும் கேட்காதே.

உங்கள் தெருவில் செம்பருத்தி வேலிபோல் வரிசையாக நிற்கிறது, குளிர்காலத்திலும் வெளியிலேயே கிடக்கிறது, ஒருவரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தாயே. அதைப் படித்ததிலிருந்து அந்தச் செடிகளை எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் மாடி போன்காவோடு நீ பேசாமல் இருப்பது நான்கு வருடமா, ஐந்து வருடமா? சும்மாதான் கேட்கிறேன்.

உன்
மெத்தோடி


பெர்கோவித்சா
24 ஜனவரி 1999

அன்புள்ள நெவேனாவுக்கு,

உட்கார்ந்து படி. எவாந்தியா அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, கையில் உடையக்கூடிய சாமான் எதுவும் இல்லாமல் உட்கார்ந்து படி. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நான் இருக்கிறேன், மகள் இருக்கிறாள், ஸ்பாஸ்கூட இருக்கிறான். செம்பருத்தியைப் பற்றி மட்டும் அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

போன கடிதத்தில் நான் பொய் சொன்னேன். உனக்கு அது அப்போதே தெரிந்திருக்கும். பொய் சொல்லும்போது என் பேச்சு சின்னதாகிவிடும் என்று நீதான் எப்போதும் சொல்வாய்.

நவம்பர் கடைசியில் நிலவறை பல்பு போய்விட்டது. வாங்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன், நினைத்ததோடு சரி. எனக்கோ மூக்கடைப்பு, வாசனையே தெரியாது. ஒருநாள் வேலைக்குப் போகும் அவசரத்தில் கீழே இறங்கினேன். பீப்பாய்க் குழாயில் கோஸ் தண்ணீர் ஒரு வாளி பிடித்தேன். பக்கத்தில் செடிக்காக எடுத்துவைத்த நல்ல தண்ணீர் இன்னொரு வாளி. சிவப்பு, நீலம் என்று நீ பிரித்துக்கொடுத்ததெல்லாம் சரிதான், இருட்டில் இரண்டும் கறுப்பு. நல்ல தண்ணீரைத் தூக்கிக் கோஸ் மேல் ஊற்றி மூடினேன். கோஸ் தண்ணீரில் ஒரு குவளை எடுத்துச் செடிக்கு ஊற்றினேன்.

அதோடு விட்டேனா? இரண்டு நாளில் இலை தொங்கிப்போயிருந்தது. பாவம், தாகம் என்று நினைத்து அதே வாளியிலிருந்து இன்னும் ஒரு குவளை. மறுநாள் இன்னும் மோசம். இரண்டு குவளை. நான் அக்கறை காட்டக் காட்ட அது வாடியது.

டிசம்பர் ஆறாம் தேதி, புனித நிக்கோலாஸ் நாளன்று ஸ்பாஸ் வீட்டில் கெண்டை மீன், நிறையத் திராட்சைச் சாராயம். மறுநாள் காலையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவன் வந்து நின்றான். 'யோவ், ஒரு சொம்பு கோஸ் தண்ணி குடு. தலைக்குள்ள ஆலை ஓடுது' என்றான். டார்ச்சை எடுத்துக்கொண்டு இருவரும் நிலவறைக்குப் போனோம். சொம்பு நிறையப் பிடித்துக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு என்னைப் பார்த்தான். 'என்னய்யா இது, குழாய்த் தண்ணிக்கு ஞானஸ்நானம் பண்ணி வச்சிருக்க? உப்பு எங்க போச்சு?' என்றான்.

உப்பு எங்கே போயிருக்கும் என்று நான் திரும்பிச் செடியைப் பார்த்தேன்.

நெவேனா, எனக்கு வயது ஐம்பத்து மூன்று. இராணுவத்தில் இருந்திருக்கிறேன், இரண்டு முறை கொதிகலன் வெடிக்கப் பார்த்திருக்கிறது. அன்றைக்குப்போல் பயந்ததில்லை. நீ வரைந்த அந்த முகம் கண் முன்னால் வந்து நின்றது.

செடிகளைப் பற்றி இந்தக் கட்டடத்தில் யாருக்குத் தெரியும் என்று உனக்கே தெரியும். படிக்கட்டை அடைத்துத் தொட்டி வைத்திருக்கிறாள் என்று நீ யாரைத் திட்டினாயோ அவளுக்குத்தான். மூன்றாம் மாடி ஏறினேன். கதவைத் திறந்ததும் போன்கா என் முகத்தைப் பார்த்து, 'யாருப்பா செத்தா?' என்றாள். 'இன்னும் யாரும் சாகல அக்கா, ஆனா வந்து பாருங்க' என்றேன். வீட்டுச் செருப்போடே கீழே வந்தாள். தொட்டி மண்ணில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். 'ஏண்டா, செடிய ஊறுகாயா போட்டு வச்சிருக்க?' என்றாள். ஸ்பாஸ் தலைவலியையும் மறந்து சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவள் போட்ட உத்தரவுதான். செடியை மேலே தூக்கி நம் குளியலறையில் வைத்தோம். வெதுவெதுப்பான தண்ணீரை வாளி வாளியாக மண்ணுக்குள் விட்டு வெளியே எடுத்தோம். பதினாலு வாளி எண்ணினேன். அப்போதும் அவள் நாக்கில் வைத்துப் பார்த்து, 'இன்னும் கரிக்குது' என்றாள். பழைய மண் முழுவதையும் கொட்டிவிட வேண்டும் என்று முடிவாயிற்று. டிசம்பரில் புது மண்ணுக்கு எங்கே போவது? தரை இரும்பாகக் கிடக்கிறது. அங்கேதான் நான் கொஞ்சம் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். கொதிகலன் அறையிலிருந்து பள்ளிக்கூடத்துக்குச் சூட்டுக்குழாய் போகிறதே, அதற்கு மேலே பனி நிற்காது, மண்ணும் உறையாது. இரண்டு சாக்கு தோண்டிக்கொண்டு வந்தேன். போன்கா, குளிர்காலத்துக்குக் கேரட் புதைத்து வைக்கிற பெட்டியிலிருந்து மணல் கொடுத்தாள்.

இனிமேல்தான் நீ பல்லைக் கடித்துக்கொண்டு படிக்க வேண்டிய இடம்.

தொட்டியிலிருந்து வேரை இழுப்பதற்கு முன்னால் அவள், 'இரு. அடியில ஒரு ஒடஞ்ச தட்டு இருக்கும், வேரக் கிழிச்சிடாத' என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். 'நாந்தான வச்சேன். எண்பத்தாறுல, தண்ணி வடியட்டும்னு ஆலை கேண்டீன் தட்ட ஒடச்சு வச்சேன்' என்றாள். நீ முதல் ஷிப்டு, அவள் இரண்டாம் ஷிப்டு. அவளும் அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாளாம். ஆலை மூடிய அன்றைக்கு அவள் இதைச் சொன்னபோது நீ அவளைப் பொய்க்காரி என்று சொன்னாய். நானும் உன் பக்கம் நின்று தலையை ஆட்டினேன், ஏனென்றால் எனக்குச் சாப்பாடு போடுவது நீ.

இழுத்தோம். தட்டு இருந்தது. மூன்று துண்டு.

ஆக, காலையில் நீயும் மாலையில் அவளுமாக இரண்டு பேர் ஒரே செடிக்கு ஊற்றியிருக்கிறீர்கள், ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல். அது மரமாகாமல் என்ன செய்யும்? நான் சிரித்துவிட்டேன். போன்கா சிரிக்கவில்லை. தட்டுத் துண்டுகளைக் கழுவி, துடைத்து, மறுபடியும் தொட்டிக்கு அடியில் வைத்தாள்.

பிறகு, 'தாய் பொழைக்குதோ இல்லையோ, பிள்ளைங்களையாவது எடுத்து வைப்போம். உப்பு மேல ஏறுறதுக்குள்ள ஆறு நுனி வெட்டு' என்றாள். 'ஒங்களுக்கு ஒரு இலைகூடக் குடுக்கக் கூடாதுன்னு அவ சொல்லிட்டுப் போயிருக்கா அக்கா' என்றேன். 'நா இலை கேக்கல, கிளைதான் கேக்குறேன்' என்றாள். வெட்டினேன். மூன்று அவளுக்கு, மூன்று நமக்கு. இதை மறைத்திருக்கலாம். ஆனால் இந்தத் தடவை சின்னதாக எழுதி உன்னிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று பெரிதாகவே எழுதுகிறேன்.

செடி இப்போது நிலவறையில் இல்லை. மூன்றாம் மாடிப் படிக்கட்டு ஜன்னலடியில், போன்காவின் தொட்டிகளுக்கு நடுவில் நிற்கிறது. அங்கேதான் வெளிச்சமும் இருக்கிறது, அளவான குளிரும் இருக்கிறது. ஒரு இலை கிடையாது. துடைப்பத்தைத் தலைகீழாக நட்டு வைத்தது மாதிரி இருக்கிறது. தூங்குகிறதா, போய்விட்டதா என்று போன்காவுக்கே தெரியவில்லை. பிப்ரவரி கடைசியில்தான் தெரியும் என்கிறாள்.

கோஸுக்கு மறுபடியும் உப்புப் போட்டேன். கிறிஸ்துமஸுக்கு அந்தக் கோஸ் இலையில் சோறு வைத்துச் சுருட்டும்போது எல்லாம் கிழிந்துவிட்டது. கரண்டியால் தின்றேன்.

திட்ட வேண்டுமென்றால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன்
மெத்தோடி


பெர்கோவித்சா
7 மார்ச்

அன்புள்ள நெவேனாவுக்கு,

நான்கு வாரம் ஒரு வரிகூட இல்லை. ஓட்டுநர் வந்து இறங்கும்போதெல்லாம் பேருந்து நிலையத்துக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். ஸ்பாஸ், 'அந்த ஆளு ஒனக்குப் பயந்து வேற பாதையில போகப்போறாரு' என்றான். கடைசியில் உன் கடிதம் வந்தது. பிரித்தால் இரண்டே வரி. 'தட்டின் கரை என்ன நிறம்? அவர்களுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.' இதற்கு ஒரு முழுத் தாள்.

நீலம். இரண்டு கோடு, ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு. எதற்குக் கேட்கிறாய் என்று புரியாமல் போன்காவிடம் காட்டினேன். முதல் ஷிப்டுக்குப் பச்சைக் கரைத் தட்டு, இரண்டாம் ஷிப்டுக்கு நீலக் கரைத் தட்டு என்று சொன்னாள். பிறகு, 'அவகிட்ட எழுது, படிக்கட்டுல ஒரு ஆளு போற அளவுக்கு வழி விட்டிருக்கேன்னு' என்றாள். உண்மையாகவே நான்கு தொட்டியை நகர்த்தியிருக்கிறாள். பாதி ஆள் போகலாம்.

இனிச் செடி. ஞாயிற்றுக்கிழமைதோறும் போன்கா நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்ப்பாள். நுனியிலிருந்து தொடங்கினாள். பழுப்பு. அடுத்த வாரம் ஒரு சாண் கீழே. பழுப்பு. ஒவ்வொரு வாரமும் இறங்கிக்கொண்டே வந்தாள். நான் பக்கத்தில் நிற்பேன், ஆனால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி, மண்ணுக்கு மேலே இரண்டு சாண் உயரத்தில் சுரண்டினாள். என் கையைப் பிடித்து இழுத்து அந்த இடத்தில் வைத்தாள். ஈரம். குனிந்து பார்த்தேன், உரித்த பட்டாணி மாதிரிப் பச்சை.

அதன்பிறகு வந்தவன் போனவனெல்லாம் சுரண்டிப் பார்க்கிறான். ஸ்பாஸ் தன் பங்குக்கு இரண்டு இடத்தில் சுரண்டினான். பூனை வளர்க்கிற வீட்டு நாற்காலி மாதிரி இருக்கிறது உன் செடி. மறுநாள் மார்ச் ஒன்றாம் தேதி, ஊரே வசந்தம் வருகிறதென்று ஒருவருக்கொருவர் மணிக்கட்டில் சிவப்பு வெள்ளை நூல் கட்டிக்கொண்டிருந்தபோது, யாரோ செடிக்கும் ஒன்று கட்டிவிட்டிருந்தார்கள். கேட்டால் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. முந்தாநாள் அந்த நூலுக்குக் கீழே மூன்று முளை பார்த்தேன். அரிசியளவுதான். வெட்டி வைத்த ஆறு நுனிகளில் நான்கு அழுகிவிட்டன. இரண்டு வேர் விட்டிருக்கின்றன. ஒன்று அவள் வீட்டில், ஒன்று நம் சமையலறை ஜன்னலில்.

பிழைத்துவிட்டது, நெவேனா. இதை மூன்று நாளாக மனதிற்குள்ளேயே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒரு வேலை பாக்கி. செத்த கிளைகளையெல்லாம் வெட்டி எறிந்து, உயிருள்ள கட்டைக்கு உருவம் கொடுக்க வேண்டும். எந்த முளைக்கு மேலே வெட்டினால் எந்தப் பக்கம் வளரும் என்பது எனக்குத் தெரியாது. நான் வெட்டினால் அது கம்பமாகிவிடும். போன்காவுக்குத் தெரியும். நேற்றுக் கத்தரியோடு வந்து நின்றாள். 'மார்ச் தாண்டிடுச்சுன்னா சாறு ஏறிடும்ப்பா, அப்புறம் வெட்டுன எடமெல்லாம் அழும். அவ வர்றாளா, வரலையா? வரலைன்னா சொல்லு, நானே வெட்டிடறேன்' என்றாள்.

கத்தரியை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். 'மாசம் முடிய இன்னும் நாளிருக்கு அக்கா' என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'ஒன்னையும் அவதான் வந்து வெட்டணும் போலிருக்கு' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நவம்பரில் நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்துக்கு முன்னால் இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். படித்தவர்கள் இதையெல்லாம் எப்படி எழுதுகிறார்களோ. அந்த மகன் நல்ல பையன், உன்னை மரியாதையாக நடத்துகிறான், அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எவாந்தியா அம்மாவின் இருமலைக்கூட போனில் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிவிட்டது. அவருக்காக இங்கே லிண்டன் மரத்துப் பூ காயவைத்ததில் ஒரு பொட்டலம் ஓட்டுநரிடம் கொடுத்திருக்கிறேன். தேன் விட்டுக் கொதிக்கவைத்துக் கொடு.

ஞாயிறு காலை தேவாலயத்தில் அவருக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். நான் அங்கே போகிறவன் இல்லை என்பதால் பாதிரியார் நெடுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எவாந்தியா அம்மாவுக்குக் கடவுள் நூறு வயது கொடுக்கட்டும், இருமலை எடுத்துவிடட்டும், உன்னைப்போலவே பொறுமையும் கைச்சுத்தமும் உள்ள வேறொரு பெண்ணை இந்த மாதம் முடிவதற்குள் அந்த வீட்டுக்கு அனுப்பிவைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

உன்
மெத்தோடி